கரண்ட், தண்ணி எல்லாம் சேர்த்து வாடகை: அந்தத் தொகைக்குள் என்ன இருக்கிறது?

கடலூர் மஞ்சக்குப்பத்திலோ புதுச்சேரி லாஸ்பேட்டையிலோ வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு இந்தப் பேச்சு பழகியிருக்கும். ஒரு வீட்டில் “எட்டாயிரம், கரண்ட் தனி” என்பார்கள். நாலு வீடு தள்ளிப் போனால் “ஒன்பதரை, கரண்ட் தண்ணி எல்லாம் சேர்த்து” என்பார்கள். பார்த்துவிட்டு வந்தவர் வீட்டில் “அங்கே கரண்ட் ஃப்ரீயாம்” என்று சொல்வார். கேட்டுக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டு மாமா, “ஃப்ரீயா? ஆயிரத்து ஐந்நூறை உன் தலையில கட்டிட்டாங்க” என்பார்.

இரண்டு பேர் சொல்வதும் பாதிதான் சரி. கரண்ட் எங்கும் ஃப்ரீ கிடையாது. அதற்காக அந்த ஆயிரத்து ஐந்நூறு முழுவதும் ஏமாற்று என்றும் சொல்லிவிட முடியாது. அது நியாயமா அநியாயமா என்பது வாடகைத் தொகையைப் பார்த்துத் தெரிவதில்லை. வீட்டின் மீட்டரைப் பார்த்தால்தான் தெரியும். எத்தனை மீட்டர், யார் பெயரில், அதில் எத்தனை குடித்தனம் ஓடுகிறது என்று கேட்காமல் வீடு பிடிப்பவர்கள்தான் பின்னால் புலம்புகிறார்கள்.

எல்லாம் சேர்த்துச் சொல்லும் இந்தத் தொகையை இனி ‘மொத்த வாடகை’ என்று சொல்கிறேன். கரண்ட் பில்லை நாமே கட்டும் வகையைத் ‘தனி வாடகை’ என்று வைத்துக்கொள்வோம்.

அளவுச் சாப்பாடு, முழுச் சாப்பாடு

பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஓட்டலில் அளவுச் சாப்பாட்டுக்கு ஒரு விலை, முழுச் சாப்பாட்டுக்கு ஒரு விலை. முழுச் சாப்பாட்டில் சோறு எத்தனை முறை கேட்டாலும் போடுவார்கள். ஆனால் நீங்கள் எவ்வளவு சாப்பிடுவீர்கள் என்பது முதலாளிக்குத் தெரியாது. நாளொன்றுக்கு இத்தனை பேர் வருகிறார்கள், சராசரியாக இவ்வளவு சோறு போகிறது என்று பார்த்து, கை கடிக்காமல் இருக்கக் கொஞ்சம் மேலே வைத்து விலை போடுகிறார். குறைவாகச் சாப்பிடுபவர் கொடுக்கும் மிச்சக் காசு, மூன்றாவது முறை சாம்பார் சோறு கேட்பவருக்குப் போய்ச் சேருகிறது.

இன்னொன்றும் நடக்கும். நல்ல பசியோடு வருபவர்தான் முழுச் சாப்பாட்டு டோக்கன் வாங்குவார். அதனால் முதலாளி போட்ட சராசரி மெல்ல மெல்ல ஏறும். அதைச் சமாளிக்கத்தான் “பொரியல் ஒரு தடவைதான்”, “அப்பளம் தனி” என்ற பலகைகள்.

மொத்த வாடகையும் இப்படித்தான் ஓடுகிறது. வீட்டுக்காரர் உங்கள் கரண்ட் செலவை முன்கூட்டியே ஊகிக்கிறார். ஊகம் தவறினால் நஷ்டம் அவருக்கு. அந்த நஷ்டத்துக்குப் பாதுகாப்பாக ஒரு தொகையைச் சேர்த்துத்தான் வாடகையைச் சொல்கிறார். தனி வாடகையில் அந்தப் பொறுப்பு உங்களுடையது. சித்திரை வெயிலில் ஏசி ஓடினால் பில் உங்களுக்கு, மார்கழியில் ஃபேன்கூடப் போடாவிட்டால் மிச்சமும் உங்களுக்கு.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: மொத்த வாடகையில் கரண்டுக்கான காசோடு, கூடுமா குறையுமா என்ற கவலையை வீட்டுக்காரரிடம் தள்ளிவிடுவதற்கான கூலியும் இருக்கிறது. அந்தக் கூலி எவ்வளவு என்பதுதான் கேள்வி.

யூனிட் என்றால் எவ்வளவு

1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பில்லில் வரும் யூனிட் இதுதான்.

75 வாட் சீலிங் ஃபேன் ஒரு யூனிட்டில் பதின்மூன்று மணி நேரம் சுற்றும். புது ரக பிஎல்டிசி ஃபேன் என்றால் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். சாதாரண ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டை ஒட்டி எடுக்கும். 2000 வாட் கீசர் அரை மணி நேரத்தில் ஒரு யூனிட்டை முடித்துவிடும். ஒன்றரை டன் ஏசி, வெயிலையும் அறையின் அமைப்பையும் பொறுத்து, மணிக்கு ஒரு யூனிட்டிலிருந்து ஒன்றரை யூனிட் வரை போகும். இரவு எட்டு மணி நேரம் ஓட்டினால் மாதத்துக்கு 240 யூனிட்டாவது ஆகும். ஆக, ஏசி இல்லாத வீட்டில் கரண்ட் செலவை ஊகிப்பது சுலபம். ஏசி உள்ளே வந்துவிட்டால் வீட்டுக்காரரின் ஊகம் ஆட்டம் காண்கிறது.

அடுக்கு மாறினால் கணக்கு மாறும்

பலரும் சறுக்கும் இடம் இது. நிதானமாகப் பார்ப்போம்.

கரண்ட் விலை எல்லா யூனிட்டுக்கும் ஒன்றாக இருப்பதில்லை. முதல் சில யூனிட்டுகள் மலிவு. அளவு கூடக் கூட அடுத்தடுத்த யூனிட்டின் விலையும் கூடும். இதற்கு அடுக்குக் கட்டணம் என்று பெயர். இபி ஆபீசில் ‘ஸ்லாப்’ என்பார்கள்.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பில். 2016-லிருந்து முதல் 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பரில் வந்த விலைப்படி, மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். 500-ஐத் தாண்டினால் அட்டவணையே மாறும். அந்த 2.25 ரூபாய்ச் சலுகை போய்விடும். 101-லிருந்தே 4.50 ரூபாய், 400-க்கு மேல் அதே 6, 500-க்கு மேல் 8, 600-க்கு மேல் 9, 800-க்கு மேல் 10 ரூபாய். அதன் பிறகு விலை சற்று ஏறியிருக்கிறது. பழைய எண்களையே எடுத்துக்கொள்கிறேன், கூட்டிப் பார்க்கச் சுலபம். கணக்கு போகும் விதம் இதுதான்.

500 யூனிட்டுக்கு பில் 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,958. ஒரே ஒரு யூனிட் கூடியதற்கு 233 ரூபாய். 600 யூனிட் ஆனால் 2,750.

இப்போது கடலூரில் சொந்த மீட்டரோடு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். குளிர்ந்த மாதங்களின் மூன்று பில்லில் தலா 200 யூனிட், வெயில் மாதங்களின் மூன்று பில்லில் தலா 500 யூனிட். 200 யூனிட்டுக்கு 225 ரூபாய்தான். வருடத்துக்கு 675-ம் 5,175-ம் சேர்ந்து 5,850 ரூபாய், மாதத்துக்கு 490 ரூபாய்க்குள். இந்த வீட்டுக்குக் கரண்டுக்காக மாதம் ஆயிரம் ரூபாய் சேர்த்து வாடகை கேட்டால், ஆகும் செலவைப் போல இரண்டு மடங்கு கொடுக்கிறீர்கள். கவலை இல்லாமல் இருப்பதற்கான கூலி அங்கே 510 ரூபாய். எனக்கு அது அதிகம். சிலருக்கு நிம்மதிக்கு அது பரவாயில்லை.

வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. வெயில் காலத்தில் அதே வீட்டில் 500-க்குப் பதில் 600 யூனிட் ஓடினால் ஒவ்வொரு பில்லிலும் 1,025 ரூபாய் கூடும். நீங்கள் கூடுதலாக ஓட்டிய 100 யூனிட், அவருக்கு யூனிட்டுக்குப் பத்து ரூபாய்க்கு மேல் விழுகிறது. “ஏசி போட்டா எங்களுக்குக் கட்டுப்படி ஆகாதுப்பா” என்று அவர் சொல்வதில் பொய் இல்லை.

நாலு குடித்தனம், ஒரு மீட்டர்

மேலே பார்த்தது ஒரு வீட்டுக்கு ஒரு மீட்டர் இருக்கும் கதை. நம் ஊர்களில் மொத்த வாடகை அதிகமாகப் புழங்குவது அப்படிப்பட்ட வீடுகளில் இல்லை. பழைய வீட்டை நாலு போர்ஷனாகத் தடுத்து, மாடியில் இரண்டு, கீழே இரண்டு என்று விட்டிருப்பார்கள். மீட்டர் மட்டும் ஒன்று. அங்கேதான் அடுக்குக் கட்டணம் தன் வேலையைக் காட்டும்.

நாலு குடித்தனமும் இரண்டு மாதத்துக்குத் தலா 200 யூனிட் செலவு செய்கிறார்கள் என்று வையுங்கள். சிக்கனமான குடும்பங்கள். ஆளுக்கொரு மீட்டர் இருந்தால் ஆளுக்கு 225 ரூபாய், நாலு பேருக்கும் சேர்த்து 900 ரூபாய். ஒரே மீட்டர் என்றால் அது 800 யூனிட்டாகக் காட்டும். 100 யூனிட் இலவசம் ஒரே ஒரு முறைதான் கிடைக்கும், 2.25 ரூபாய் அடுக்கு கிடையாது. மேல் அடுக்கு விலைகள் எல்லாம் சேர்ந்து பில் 4,550 ரூபாய்.

அதே ஃபேன், அதே ஃபிரிட்ஜ், அதே 800 யூனிட். 900 ரூபாய் எங்கே, 4,550 எங்கே.

இதில் வீட்டுக்காரர் ஒரு பைசா லாபம் வைக்காமல் நாலாகப் பிரித்தால்கூட ஆளுக்கு 1,137 ரூபாய் சொச்சம். தனி மீட்டரில் 225 கட்ட வேண்டியவர், ஐந்து மடங்கு கட்டுகிறார். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. மீட்டர் ஒன்றாக இருப்பதன் விலை அது.

அடுத்தது சப் மீட்டர். பெரிய மீட்டருக்குப் பின்னால் ஒவ்வொரு போர்ஷனுக்கும் வீட்டுக்காரரே வாங்கி மாட்டும் சின்ன மீட்டர். இது மின்வாரியத்தின் மீட்டர் இல்லை, யார் எவ்வளவு செலவு செய்தார்கள் என்று பிரித்துப் பார்க்க மட்டும் உதவும். இபி ஆபீஸ் பில் போடுவது பெரிய மீட்டரைப் பார்த்துத்தான். சப் மீட்டர் வைத்த வீடுகளில் “யூனிட்டுக்கு எட்டு ரூபாய்” என்று ஒரே விலையாக வாங்குவது வழக்கம். நம் கணக்கில் நாலு பேரிடமும் சேர்த்து 6,400 ரூபாய் வசூலாகும். பில் 4,550. மோட்டார், மாடிப்படி விளக்கு எல்லாம் சேர்த்து இன்னொரு 60 யூனிட் என்று தாராளமாக வைத்தாலும் பில் 5,150-தான். மீதி 1,250 ரூபாய் எங்கே போகிறது என்று கேட்பது தப்பில்லை. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி மின்சாரத்தை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். வாடகை வீட்டில் லாபத்துக்குக் கரண்ட் விற்கும் உரிமை வீட்டுக்காரருக்கு இல்லை. ஆன பில்லைப் பங்கிட்டு வாங்கலாம், அவ்வளவுதான்.

தனிச் சமையலறையோடு தனிக் குடித்தனமாக இருக்கும் போர்ஷனுக்குத் தனி இணைப்பு கேட்டு விண்ணப்பிக்க வழி உண்டு. கொஞ்சம் அலைச்சல், கொஞ்சம் வயரிங் செலவு. நாலு குடித்தனக்காரர்கள் சேர்ந்து கேட்டால் பல வீட்டுக்காரர்கள் இறங்கி வருவார்கள். தயங்குகிறவர்களும் உண்டு, வீடு வணிக இணைப்பில் ஓடிக்கொண்டிருந்தாலோ, அனுமதி இல்லாமல் மாடி எழுப்பியிருந்தாலோ. வணிக இணைப்புக்கு இலவச யூனிட்டும் கிடையாது. கீழே கடை, மேலே ரூம் என்று இருக்கும் கட்டடங்களில் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

சுருக்கிச் சொன்னால்: ஒரு மீட்டரில் குடித்தனம் கூடக் கூட ஒவ்வொரு யூனிட்டின் விலையும் கூடும். அதனால் ஒரு வீட்டில் கரண்டுக்கு 500 சேர்த்துக் கேட்பதும், பக்கத்து வீட்டில் 1,000 கேட்பதும், இரண்டுமே நியாயமாக இருக்கலாம்.

எல்லை தாண்டினால் வேறு கணக்கு

புதுச்சேரிக்காரர்களுக்கு இது தனித் தலைவலி. முத்தியால்பேட்டையில் இருந்து வடக்கே நடந்தால் சாலை அப்படியே கோட்டக்குப்பத்துக்குள் போகும். அது விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாட்டு மின்வாரியம். இன்னும் வடக்கே போனால் காலாப்பட்டு, மறுபடி புதுச்சேரி, அரசின் மின்துறை. தெற்கே அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் வரை புதுச்சேரி. முள்ளோடை தாண்டினால் கடலூர் மாவட்டம்.

இரண்டு பக்கமும் கட்டண அட்டவணை வேறு. தமிழ்நாட்டில் அதை முடிவு செய்வது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். புதுச்சேரிக்கு, கோவாவுக்கும் ஒன்றியப் பிரதேசங்களுக்கும் பொதுவான இணை மின்சார ஒழுங்குமுறை ஆணையம். புதுச்சேரியில் பில் மாதா மாதம் வரும். அடுக்குகள் 100, 200, 300 யூனிட் என்று மாதக் கணக்கில் ஏறும். தமிழ்நாட்டின் 100 யூனிட் இலவசம் இந்தப் பக்கம் செல்லாது.

அதனால் கோட்டக்குப்பத்தில் இருக்கும் சித்தப்பா “எங்களுக்கு ரெண்டு மாசத்துக்கு 225 ரூபாதான் வருது” என்று சொன்னதை வைத்து, நெல்லித்தோப்பில் வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். எந்தப் பக்கத்து வீடோ, அந்தப் பக்கத்துப் பில் ஒன்றை வாங்கிப் பார்த்துத்தான் பேச வேண்டும்.

தண்ணீர் சேர்த்து என்றால் எந்தத் தண்ணீர்

கரண்டைப் போலத் தண்ணீருக்கு யூனிட் கணக்கு பார்க்கிறவர்கள் நம் பக்கம் குறைவு. ஆனால் ‘தண்ணி சேர்த்து’ என்பதற்குள் மூன்று வேறு தண்ணீர் ஒளிந்திருக்கிறது: குழாயில் நேரம் பார்த்து வரும் பொதுத் தண்ணீர், வீட்டு போர் தண்ணீர், குடிக்க வாங்கும் கேன் தண்ணீர். வாடகையில் சேர்ந்திருப்பது பெரும்பாலும் முதல் இரண்டுதான். கேன் உங்கள் செலவு.

கடற்கரையை ஒட்டிய ஊர் என்பதால் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்சக் கடல் நீர் உள்ளே வரும் என்பது புதுச்சேரிக் கரையோரத்தில் பல காலமாகப் பேசப்படும் பிரச்சினை. வாடகைக்கு வருபவருக்கு அது வேறு விதமாகத் தெரியும். கீசருக்குள் சுண்ணாம்பு படிந்து காயில் போகும், ஷவர் அடைக்கும், வாஷிங் மெஷின் தகராறு செய்யும். வீட்டைப் பார்க்கப் போகும்போது குழாயைத் திறந்து ஒரு வாய் கொப்பளித்துப் பாருங்கள். வீட்டுக்காரம்மா ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

தண்ணீரைவிட முக்கியம் மோட்டார். ஒரு குதிரைத்திறன் மோட்டார் மணிக்குக் கிட்டத்தட்ட ஒரு யூனிட் எடுக்கும். தினமும் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 60 யூனிட். அந்த மோட்டார் எந்த மீட்டரில் ஓடுகிறது? பல வீடுகளில் கீழ்ப் போர்ஷன் மீட்டரிலேயே மோட்டாரையும் மாடிப்படி விளக்கையும் கோத்திருப்பார்கள். மேலே இருக்கும் மூன்று குடும்பத்துக்கும் சேர்த்துக் கீழே இருப்பவர் பில் கட்டிக்கொண்டிருப்பார், தெரியாமலே.

கண்டுபிடிப்பது எளிது. உங்கள் போர்ஷனின் மெயின் சுவிட்சை அணையுங்கள். மின்னணு மீட்டரில் கரண்ட் போகும்போது சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று விட்டு விட்டு மின்னும். எல்லாம் அணைத்த பிறகும் மின்னினால் உங்கள் மீட்டரில் வேறு ஏதோ ஓடுகிறது. “அக்கா, ஒரு நிமிஷம் மோட்டார் போடுங்களேன்” என்று கேளுங்கள். மின்னல் வேகம் எடுத்தால் விஷயம் புரிந்துவிடும்.

வரம்பு வைத்த வாடகை

ஓட்டல்காரரின் “பொரியல் ஒரு தடவைதான்” போல, மொத்த வாடகையிலும் ‘வரம்பு’ உண்டு. இத்தனை யூனிட் வரை வாடகையில் சேரும், அதற்கு மேல் போனால் யூனிட்டுக்கு இவ்வளவு என்று. இரண்டு பேருக்குமே இதுதான் நேர்மையான ஏற்பாடு என்பது என் கருத்து. வரம்பே இல்லாத மொத்த வாடகையில் இருப்பவர்கள் ஏசியை அணைக்காமல் கடைக்குப் போவதை எல்லோரும் பார்த்திருப்போம். அதைப் பார்த்துப் பழகிய வீட்டுக்காரர் அடுத்த குடித்தனக்காரரிடம் வாடகையைக் கூட்டித்தான் சொல்வார்.

வரம்பைக் கேட்கும்போது அது மாதத்துக்கா, இரண்டு மாத பில்லுக்கா என்று தெளிவாகக் கேளுங்கள். கடலூரில் பாதிச் சண்டை இதில்தான் வருகிறது. வரம்புக்கு மேல் யூனிட்டுக்கு என்ன விலை என்பதும், அளப்பது எந்த மீட்டர் என்பதும் அதோடு சேர்ந்த கேள்விகள்.

அப்புறம் கரண்ட் இல்லாத நாட்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையேறியது. கடலூர் கிராமங்களில் மறுபடி விளக்கு எரிய வாரக்கணக்கில் ஆனது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ரெயின்போ நகர் போன்ற தாழ்வான இடங்களில் தெரு எது வீடு எது என்று தெரியாமல் தண்ணீர் நின்றது. அப்படிப்பட்ட நாட்களில் ஜெனரேட்டர் ஓடினால் டீசல் யார் செலவு, இன்வெர்ட்டர் பேட்டரி போனால் யார் மாற்றுவது, சம்ப்பில் வெள்ளத் தண்ணீர் கலந்தால் யார் கழுவுவது என்பதெல்லாம் மொத்த வாடகைக்குள் சேருமா? அபார்ட்மென்ட் என்றால் லிஃப்ட், காவலாளி, பொது விளக்கு எல்லாம் மெயின்டனன்ஸ் தொகையில் வரும். மழைக்காலம் வருவதற்கு முன்பே அதையும் கேட்டுவிடுவது நல்லது.

யாருக்கு ஏற்றது

காலாப்பட்டில் பல்கலைக்கழக மாணவர், கோரிமேட்டில் ஜிப்மருக்குச் சிகிச்சைக்கு வந்து இரண்டு மூன்று மாதம் தங்கும் குடும்பம், சேதராப்பட்டிலோ கடலூர் சிப்காட்டிலோ புதிதாக வேலைக்குச் சேர்ந்து ரூம் பகிரும் பையன்கள், இவர்களுக்கு மொத்த வாடகை சரி. பில்லுக்கு அலைய வேண்டாம், ரூமில் நாலு பேருக்குள் யார் அதிகம் ஃபேன் போட்டது என்று பஞ்சாயத்து வேண்டாம்.

இரண்டு மூன்று வருடம் இருக்கப் போகும் குடும்பத்துக்கு, தனி மீட்டர் உள்ள வீடு கிடைத்தால் அதுதான் லாபம். அதற்குக் காரணம் கரண்ட் பில் மட்டும் இல்லை. அட்வான்ஸ் வாடகையின் மடங்காகக் கேட்கப்படும். 8,000-க்குப் பதில் 9,500 என்றால் மூன்று மாத அட்வான்சிலேயே 4,500 ரூபாய் கூடுதலாக முடங்கும். வருடா வருடம் ஐந்து சதவீதம் ஏற்றுவதாகப் பேசியிருந்தால், கரண்ட் விலை ஏறாத வருடத்திலும் கரண்டுக்கான பங்கு சேர்ந்து ஏறும். காலி செய்யும்போது பெயிண்ட் அடிக்க ஒரு மாத வாடகை பிடித்தால் அதுவும் 9,500-தான்.

சம்பளக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். பழைய வருமான வரி முறையில் வீட்டு வாடகைப் படிக்கு விலக்கு கேட்பவர், வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டு உரிமையாளரின் பான் எண்ணைக் கொடுக்க வேண்டும். மாதம் 8,000 என்றால் வருடத்துக்கு 96,000. 9,500 என்றால் 1,14,000. பான் கேட்டதும் சில வீட்டுக்காரர்களின் முகம் மாறுவதைப் பார்க்கலாம். வாடகையையும் கரண்ட், தண்ணீர்க் காசையும் ரசீதில் தனித்தனியாக எழுதி வாங்குவது நல்லது. விலக்கு வாடகைக்குத்தான்.

எழுத்தில் என்ன இருக்க வேண்டும்

தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது. பதினோரு மாதத்துக்கு எழுதிவிட்டால் எந்தப் பதிவும் வேண்டாம் என்று இன்னமும் சொல்லும் புரோக்கர்கள் உண்டு. அது ஒரு வருடத்துக்கு மேல் போகும் குத்தகைக்கான பழைய பத்திரப் பதிவு விதியைத் தவிர்க்க வந்த வழக்கம். இந்தச் சட்டத்தின் பதிவு வேறு. வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்பதும் இதில்தான் இருக்கிறது.

மொத்த வாடகைக்காரர்களுக்கு முக்கியமானது இன்னொரு விதி. வாடகைத் தகராறு என்றாலும், தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு போன்ற அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். இது கடலூருக்குப் பொருந்தும், கோட்டக்குப்பத்துக்கும் பொருந்தும். புதுச்சேரி எல்லைக்குள் தமிழ்நாட்டுச் சட்டம் செல்லாது. அதனால் அங்கே ஒப்பந்தத் தாளில் எழுதியிருப்பதற்கு இன்னும் மதிப்பு அதிகம்.

தாளில் “எல்லாம் உட்பட” என்று ஒரு வரி இருந்தால் போதாது. எது எது உட்பட என்று பெயர் சொல்லி எழுத வேண்டும்: கரண்ட் எத்தனை யூனிட் வரை, போர் தண்ணீரா குழாய்த் தண்ணீரா, மோட்டார் எந்த மீட்டர், குப்பைக் காசு, மெயின்டனன்ஸ். இணைப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் கையில் இருந்தால் பில் கட்டப்பட்டதா என்று நீங்களே ஆன்லைனில் பார்த்துவிடலாம். மாதா மாதம் வாடகை கொடுத்த பிறகும், வீட்டுக்காரர் பில் கட்ட மறந்து ஃப்யூஸ் பிடுங்கப்பட்ட வீடுகள் உண்டு.

ரிப்பேர் வேறு விஷயம். குழாய் வாஷர், சுவிட்ச் போன்ற சின்ன வேலை குடியிருப்பவர் பொறுப்பு, பைப் மாற்றுவது, வயரிங் போன்ற பெரிய வேலை வீட்டுக்காரர் பொறுப்பு என்று மேலே சொன்ன தமிழ்நாட்டுச் சட்டத்தின் பட்டியலே பிரித்துச் சொல்கிறது. எல்லாம் சேர்த்து வாடகை கொடுக்கிறோமே என்று ரிப்பேரும் அதில் அடக்கம் என நினைத்துக்கொள்ள வேண்டாம்.

காலி செய்யும்போது

குடிவந்த அன்று மீட்டரையும், சப் மீட்டர் இருந்தால் அதையும், எண் தெரியும்படி போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பி வையுங்கள். கிளம்பும் அன்றும் அதையே செய்யுங்கள். கடலூரில் இரண்டு மாத பில் நடுவில் கிளம்பினால், உங்கள் கடைசிப் பில் நீங்கள் போன பிறகுதான் வரும். வரம்பு வைத்த வாடகை என்றால் அதற்காக அட்வான்சில் ஒரு தொகையைப் பிடித்துவைப்பார்கள். அதை எந்தத் தேதிக்குள் கணக்கு முடித்துத் தருவது என்று முன்கூட்டியே பேசி, இரண்டு போட்டோவின் கழித்தலை வைத்து அங்கேயே யூனிட்டைக் கணக்குப் போட்டு, இரண்டு பேரும் அதன் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டால் பில் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை.